அம்பு எந்தப் பக்கம்

மூன்றாம் படத்தில் அம்பு தலைகீழ் என்று
சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறாள் ஹசினி.
தலைகீழ் இல்லை. அது அப்படித்தான்.
பின்னால் பிறந்த கமிட் முன்னதைச் சுட்டும்.
முன்னதற்குத் தெரியாது
தனக்குப் பிறகு யார் வந்தார்கள், வந்தார்களா என்று.

ஆனால் படிக்கிறவன் பாவம்.
ஒருவழிப் பாதையில் எதிராகப் போய்
பம்பலப்பிட்டிச் சந்தியில் தண்டம் கட்டியவன்.
அம்பு என்றால் அவனுக்குப் "போ".
"இங்கிருந்து வந்தேன்" என்று
எந்த வீதிப் பலகை சொல்லியிருக்கிறது?

ஆகவே யூனியன் பிளேஸ் நான்காம் மாடியில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
முதலில் இருந்து வரைகிறேன்.

ஏ, பீ, சீ என்ற வட்டங்களை அழித்தேன்.
யாருடைய வேலைக்கும் ஏ என்று பெயரில்லை.
'வற் வரிக் கணக்கு திருத்தம்' என்று எழுதினேன்.
'பொத்தான் மறுபடி நீலம்' என்று எழுதினேன்.
கிளைகளோடு நின்ற மரத்தை வேரோடு எடுத்தேன்.
கிளை என்பது
கடைசி வட்டத்தில் ஒட்டிய பெயர்த்துண்டு,
உரித்து வேறெங்கும் ஒட்டலாம்.
இதைச் சொல்ல மூன்று பந்தி எழுதியவன் நான்தான்.
ஒரு மஞ்சள் சீட்டு வரைந்ததும் முடிந்தது.

பச்சைக் கோடு பழையது, சிவப்பு புதியது என்றேன்.
பஸ்மில் திரையில் மூக்கை வைத்துப் பார்த்தான்.
"ரெண்டும் சேத்து நிறம், மச்சான்."
நாலு வருசம் பக்கத்துக் கதிரை.
இன்றைக்குத்தான் தெரியும்.
பழையதை முறித்துப் புள்ளிகளாக்கினேன்.

பிறகு ரீபேஸ்.
எல்லாப் படங்களும் பொய் சொல்லும் இடம்.
முன்னே மூன்று வட்டம்;
பின்னே அதே மூன்றும் வேறிடத்தில், நகர்ந்ததுபோல.
ஒன்றும் நகரவில்லை.
புதிதாக மூன்று செய்தார்கள்.
பழையவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன,
பெயர்த்துண்டுதான் போய்விட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப்
புது இலக்கம் போட்டு ஆறு வருசம்.
கறண்ட் பில் பழைய இலக்கத்துக்குத்தான் வருகிறது,
வந்தும் சேர்கிறது.

மங்கலாக, புள்ளிக் கோட்டில்
அந்த மூன்றையும் வரைந்தேன்.
"குழப்புது, எடுத்துவிடலாமா?" என்கிறாள் ஹசினி.
வேண்டாம்.
யாரோ ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு
எல்லாம் போச்சு என்று
கை நடுங்க இந்தப் பக்கத்தைத் திறப்பாள்.

அடிக்குறிப்பு: பெயர் எதுவும் சுட்டாதவை
வழக்கமாக முப்பது நாள் வரை கிடைக்கும்.
பிறகு துப்புரவு.

அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள்
முகத்துவாரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்றேன்.
இரண்டு கணக்கும் எப்படி ஒத்துப்போனதோ,
அதைக் கேட்க அடிக்குறிப்பில் இடமில்லை.

சேமித்தேன். செய்தி கேட்டது. எழுதினேன்:
'மூன்றாம் படம். அம்பு அப்படியே.
மற்றதெல்லாம் மாற்றம்.'