ஐந்து மில்லி

யீஷூன் தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி,
கடைசி அறை.
வாசலில் ப்ளீச் தண்ணீர்த் தட்டு.
மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்,
மிதித்துத்தான் வெளியே வர வேண்டும்.
நீல அங்கி, இரட்டைக் கையுறை, முகமூடி.
என் முகம் எப்படி இருக்குமென்று
உள்ளே இருப்பவனுக்கு இன்றுவரை தெரியாது.

பெயர் கட்டை.
சுங்கை காடுட் மரக்கிடங்கில் பிறந்தவன்.
பதினோரு வாரம், மூன்று கிலோ நானூறு.
நேற்று மூன்று அறுநூறு.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பூவராகன்
வேலைச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
கூடவே இன்னொன்று, பெண்குட்டி.
அது டாக்சியிலேயே முடிந்துவிட்டது.
அதற்கும் பெயர் வைத்திருந்தாரா என்று
நான் கேட்கவில்லை.

பார்வோ வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால்
இறங்காது.
துருவும் வெல்லமும் சேர்ந்து அழுகியது போல.
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
எழுந்து போனால்
அதனால்தானோ என்று நினைத்துக்கொள்வேன்.

லங்கணம் பரம ஔஷதம் என்பார் அப்பா.
காய்ச்சலென்றால் கஞ்சியைக்கூடத் தள்ளிவைப்பார்.
முன்பு இங்கும் அப்படித்தானாம்,
வாந்தி நிற்கும்வரை பட்டினி.
டாக்டர் ஹுய் மின் ஒப்புக்கொள்வதில்லை:
வெறுங்குடல் ஆறாது, துளியாவது போகட்டும்.
ஆகவே மூக்கு வழியே மெல்லிய குழாய்,
கன்னத்தில் ஒரு தையல்,
கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு.

இரண்டு மணிக்கு ஒருதரம் ஐந்து மில்லி.
ஊசிக்குழலை வெந்நீர்க் குவளையில் நிற்கவைத்து
உடம்புச் சூட்டுக்கு வந்ததும்
உந்துவது, உந்துகிறேன் என்று அவனுக்கே தெரியாதபடி.
நாக்கைச் சுழற்றினால் நிறுத்த வேண்டும்.
எச்சில் ஒழுகினால் நிறுத்த வேண்டும்.
நிறுத்தத் தெரிவதுதான் பாதி வேலை.

மீதி வேலை வால் பக்கம்.
வெதுவெதுப்பான நீர், மென்பஞ்சு,
தேய்க்காமல் ஒற்றி ஒற்றி,
தோல் வெடிக்காமலிருக்க வாசலின்.
துணி மாற்றி, மறுபக்கம் புரட்டி,
சலைன் பம்ப் கத்தினால் மடங்கிய காலை நீட்டி,
தாளில் எழுதுவேன்:
1.40, மறுபடியும் ரத்தம்.

நான்கு நாளாகப் பூவராகனிடமிருந்து
ஒரே குரல்செய்தி: "சாப்ட்டானா?"
யாரைப் பார்த்தாலும் நாம் கேட்பதுதான்,
பதிலுக்குக் காத்திராமல்.
இவர் காத்திருந்தார்.
"குழாய்ல போகுதுண்ணே."
"அது சாப்பிடுறதாம்மா?"

ஐந்தாம் நாள், மணி ஐந்து.
ஒரு தும்மல்.
குழாய் பாதி வெளியே தொங்கியது.
திட்டிக்கொண்டே உருவி எடுத்தேன்.
கையுறையில் சிந்திய கோழிக்கூழை
முகர்ந்தான்.
யோசித்தான்.
நக்கினான்.

கூம்பைக் கழற்றினேன்.
எஃகுக் கிண்ணத்தில் ஐந்தே மில்லி.
ஜிப் பையில் போட்டிருந்த தொலைபேசியைப்
பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தகரத்தில் மழை விழுவதுபோல்
நாக்குச் சத்தம் மட்டும், இருபது நொடி,
மரக்கிடங்குக்குப் போனது.

இன்னும் வேண்டுமென்று
காலிக் கிண்ணத்தைக் கம்பிவரை தள்ளினான்.
கொடுக்கவில்லை.
அடுத்தது ஏழு மணிக்கு.