2170ஆம் ஆண்டின் கதவு

ஹமில்டனில் தானியங்கிக் கதவுகள் திருத்துவது
என் தொழில்.
மருந்துக்கடை, வங்கி, பிரேத அறை,
எங்கே கதவு குழப்படி செய்தாலும்
என் தொலைபேசிதான் அடிக்கும்.

மாசி எனக்கு அறுவடைக் காலம்.
தெருவில் கொட்டிய உப்பு
சப்பாத்துகளில் ஏறி வந்து
கதவோடும் பள்ளத்தில் இறங்கி
இறுகிக் கல்லாகும்.
பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பேன்.

நான் பார்த்த எந்த எதிர்காலப் படத்திலும்
உப்பு இல்லை.
கதவுகள் பக்கவாட்டில் வழுக்கும்,
சின்னதாய்ப் பெருமூச்சு விட்டபடி.
எண்ணெய்க் குப்பியோடு ஏணியில் நிற்பவனை
எந்த விண்கப்பலிலும் கண்டதில்லை.
அவனை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று
யோசித்திருக்கிறேன்.

தெரிந்தது, ஒரு மாசியில்.

பார்ட்டன் தெருவுக்கு வடக்கே
மூடிக்கிடந்த இரும்பாலையில்
கப்பல் கட்டியிருந்தார்கள்.
சுவரில் ஆண்டு: 2170.
கதவு ஒட்டுப்பலகை. வெள்ளிப் பூச்சு.
ஓரமெல்லாம் முட்டைப்பெட்டி அட்டை.
மோட்டார் குளிரில் விறைத்துப்போக
என்னைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றாள் ஜோலீன்,
காதில் கருவி, கையில் ஆறிய கோப்பி.
உதிரிப்பாகம் வியாழக்கிழமை வரும் என்றேன்.
நூற்றைம்பது வருடத்தை ஒரே தாவலில் தாண்டிய கப்பல்
வியாழக்கிழமை வரை பொறுக்காதாம்.

ஆகவே கயிறு.

கதவுக்குப் பின்னால் இருட்டு,
இருட்டில் ஒரு முக்காலி,
முக்காலியில் நான்.
சிவப்பு விளக்கு எரிந்தால் இழு,
அணைந்தால் விடு.
முதல் தரம் பிந்திவிட்டேன்.
கப்பல் தலைவன் மூக்கை இடித்துக்கொண்டான்.
எல்லாரும் சிரித்தார்கள், அவனும்.
ரத்தம் வந்ததும்தான் நிறுத்தினார்கள்.

பதினொரு தரம் எடுத்தார்கள்.
ஆறாம் தரத்தில் நான் விளக்கைப் பார்ப்பதை விட்டேன்.
காலடி போதும்.
பயந்து வருகிறானா, ஆத்திரத்தில் வருகிறானா,
பலகைத் தரை சொல்லிவிடும்.
மெல்ல இழுத்தேன் ஒருமுறை,
படாரென்று ஒருமுறை.
நான் விற்கிற எந்த உணரியும்
ஒரு மனிதனை இவ்வளவு கேட்டதில்லை.

இடைவேளையில் கைகழுவப் போனோம்.
அது நிகழ்காலம்.
ஜோலீன் கையை நீட்டினாள், குழாய் கொட்டியது.
நான் நீட்டினேன். இல்லை.
அசைத்தேன். இல்லை.
உள்ளங்கையை மல்லாத்திக் காட்டினேன்,
அதன் வெளிர்நிறம் கண்டு
நீர் விட்டது.
ஜோலீன் குழாயைத் திட்டினாள்.
நான், பழக்கதோஷத்தில்,
குழாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுவருடம் ஐப்பசியில் படம் வந்தது.
சுகிர்தாவும் நானும் சோளப்பொரியோடு போனோம்.
கப்பலின் மூளை தலைவனோடு நயமாய்க் கதைத்தது.
கண்ணாடிச் சுவர்களில் கோள்கள் சுழன்றன.
என் கதவு மூன்று இடத்தில் வந்தது, எல்லாம் சேர்த்து ஏழு நொடி.
யாரோ அதற்குப் பெருமூச்சு ஒட்டியிருந்தார்கள்,
என் மூச்சு அது இல்லை.

பின்வரிசையில் ஒரு பெடியன்
தன் சிநேகிதிக்கு விளக்கிக்கொண்டிருந்தான்:
கதைக்கிற மெஷின் இப்பவே இருக்கு,
சுவர்த்திரை இருக்கு, எங்கட வீட்டிலயே இருக்கு.
கதவைப் பார், அதுதான் புதுசு.
ஆள் பயந்தால் மெல்லத் திறக்குது,
கோவமெண்டால் படாரெண்டு.
அது வர இன்னும் கனகாலம் எடுக்கும்.

சுகிர்தா முழங்கையால் இடித்தாள்.
நான் திரும்பவில்லை.
கைகள் மட்டும் மடியில்
எதையோ பிடித்திருந்தன.

வெளியேறும்போது அரங்கின் கதவு
பாதியில் நின்று நடுங்கியது.
கூட்டம் தோளைச் சாய்த்து நழுவிப் போனது,
யாரும் அதைப் பார்க்கவில்லை.
குனிந்தேன்.
உப்புக் காலத்துக்கு இன்னும் நாளிருக்கிறது.
"இண்டைக்கு லீவு" என்றாள் சுகிர்தா.
ஒரு நிமிசம், என்றேன்.
பள்ளத்தில் சோளப்பொரி,
நசுங்கி,
உப்புப் போட்டது.