இரண்டாம் அடுக்கு

ஐந்தாவது தட்டும்
ஐம்பத்து மூன்று விழுக்காட்டில் செத்தது.
பாடாங் செராய். ஷட்டர் பாதி இறக்கிய கடை.
வெளியே செம்பனை லோரிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

முதல் அடுக்கு முடிந்து
இரண்டாவதற்கு ஒளி தாவும் இடத்தில்
ஒவ்வொரு முறையும்
மாப்பிள்ளை கையில் தாலியோடு
அப்படியே நிற்கிறார்.
கெட்டிமேளம் கேட்கிறது,
முடிச்சு விழவில்லை.

"ரெண்டு சாதாத் தட்டுல போட்டுடவாக்கா?"
தவமலரின் அம்மா போனிலேயே பதறினார்:
"கல்யாணத்தப் போயி ரெண்டாக்குவியா?"

பசார் மாலாமில் வாங்கியவை.
ஐம்பது தட்டு இருபத்தைந்து வெள்ளி.
டப்பா மேல் ஒரு பேர்,
பர்னர் படித்துச் சொல்வது வேறு பேர்.
என்னைத்தான் உதைக்க வேண்டும்.

ஞாயிறு பஸ் ஏறி பட்டர்வொர்த் போனேன்.
ஒன்று ஆறு வெள்ளி, மூன்று வாங்கினேன்.
வேகத்தை எட்டிலிருந்து இரண்டரைக்கு இறக்கினேன்.
காத்தாடியைக்கூட நிறுத்தினேன்,
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம்
அடுக்கு மாறும் இடத்தைத்
தாலியிலிருந்து தள்ளி
பந்தியில் கொண்டுபோய் வைத்தேன்.

இப்போது ஓடுகிறது.
மூன்று முடிச்சும் விழுகின்றன.
கூலிம் சித்தப்பா மட்டும்
பாயசக் கரண்டி வாய்க்குப் போகும் வழியில்
அரை நொடி
யோசிக்கிறார்.