பதினொரு மேடு

லாபிஸ் கிளினிக் மூடக் கால்மணி இருக்கையில்
பழைய சாகா ஒன்று வந்து நின்றது.
கதவு திறக்குமுன்னே வந்துவிட்டது
கோடாலித் தைல வாசம்.

காத்துப் பிடிச்சிருக்கு டிரஸர், என்றார் அப்பா.
குடல் ஏறியிருக்கு, நீவிவிட்டா இறங்கிடுமாம், என்றாள் அம்மா,
கையில் பாதி காலியான எண்ணெய்ப் புட்டி.
ஒன்பது வயது லோஷினி
ஒன்றும் சொல்லவில்லை.
பின்சீட்டில் ஒரு நத்தை.

வயிற்றை நான் உடனே தொடவில்லை.
எங்கே தொடங்கியது?
தொப்புளைக் காட்டினாள். காலையில்.
இப்போது?
விரல் நகர்ந்தது, வலப்பக்கம், கீழே,
போய்ச் சேராமலே
அந்தரத்தில் நின்றது.

வாந்தி, வலிக்கு முன்னாலா பின்னாலா?
அம்மா அப்பாவைப் பார்த்தாள்.
அப்பா சுவர் காலண்டரைப் பார்த்தார்.
பின்னால, என்றாள் லோஷினியே.
மைலோ கலக்கட்டுமா?
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் கபிலேஷிடம்
குதிச்சுக் காட்டு தம்பி என்றேன்.
குதித்தான், மூன்று முறை.
ஸ்டிக்கர் தருவதாகச் சொல்லியிருந்தேன்.
மருந்துத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.
விடியற்காலையில் வலி நின்றுவிட்டதாம்,
சட்டென்று, விளக்கை அணைத்த மாதிரி.
போனில் சொன்னார்கள்.
சந்தோஷப்பட்டேன்.
சாயங்காலம் தூக்கி வந்தார்கள்,
அனலாய் உடம்பு, பலகையாய் வயிறு.
இப்போது தோட்டத்து ஆபீஸ் திடலில் பந்து விளையாடுகிறான்.
எம்பும்போது சட்டை மேலேறும், தழும்பு தெரியும்.
என்னைப் பார்த்தால் கை காட்டுவான்.

இன்று ஸ்டிக்கர் இல்லை.
உன் கையை வை கண்ணு,
அதன்மேல் என் கை,
அழுத்துறது நீதான்.
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழுத்தும்போது உதடு இறுகியது.
எடுத்தபோதுதான்
கண் நிறைந்தது.

லயத்திலிருந்து மெயின் ரோடுவரை எத்தனை மேடு?
செம்பனை லாரிக்குப் போட்டது, பதினொண்ணு, என்றார் அப்பா.
ஒவ்வொண்ணுக்கும் கத்துனா.
கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார்,
நான் ரேடியோவைக் கூட்டி வெச்சேன்.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.
ஸ்கேன் இல்லை, ரத்தம் பார்க்க ஆளில்லை இந்நேரத்தில்.
உறுதி என்று எழுத என்னிடம் என்ன இருந்தது,
போய்ச் சேராத ஒரு விரலும்
பதினொரு மேடும் தவிர?
சந்தேகம், என்று எழுதினேன்.
அவசரம் என்பதன் கீழே இரண்டு கோடு.
தண்ணீர்கூடத் தராதீங்கம்மா.
அந்தப் புட்டியை மூடுங்க.

ஆம்புலன்ஸ் ரஸாலியிடம் ஜன்னல் வழியே சொன்னேன்,
மேட்டுல பெலான், பெலான்.
தலையாட்டினான்.

சீனப் பள்ளிக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது.
வாசலில் நின்று பார்த்தேன்.
பிரேக் விளக்கு
வெகுநேரம் எரிந்தது.