வேலையில்லாத துளை

எண்ணூர் சாம்பல் மேட்டில் விழுந்து
கொருக்குப்பேட்டை கேட்டில் கால்மணி நேரம் நின்று
தள்ளிக்கொண்டே வந்தாள் எஸ்தர்.

பெஞ்சலய்யா இன்ஜினைப் பிரித்தான்.
டேங்கில் ஒரு கம்பெனி.
கிரைண்டர் தேய்த்த கிராங்க்கேஸில்
பாதி எழுத்தாய் இன்னொன்று.
மூன்றாவது கம்பெனி கேஸ்கட்
முனகாமல் உட்கார்ந்தது.

"இது இன்னா ஓட்டை?"
சுத்தமாய் மரை வெட்டி
உள்ளே போய்
எங்கும் வெளிவராத துளை.

"மொதல்ல வரைஞ்சவன் இன்னாத்தையோ மாட்டிகினு இருந்தான்.
வாங்குனவன் அத்த கயட்டிட்டான்.
அவனாண்ட வாங்குனவன்
இன்னாத்துக்கு ஓட்டைன்னு கேக்கவே இல்ல.
அதே அச்சுல ஊத்திகினே கீறானுங்க."

ஞாயிற்றுக்கிழமை, அதே மேடு.
ரெண்டாவது கியரிலேயே ஏறிவிட்டாள்.

இறங்கிக் குனிந்து பார்த்தாள்:
துளை நிறையச் சாம்பல்.