பதினெட்டும் இருபதும்

அந்த வருஷம் கல்லணையை
ஆடி பதினாறு மதியத்துக்கு மேல்தான் திறந்தார்கள்.
உத்தரவுத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்:
காய்ந்த படுகை, கோரை, ஆகாயத்தாமரை,
மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நகரும் என்று வைத்தால்
தலைஞாயிறு தாண்டி எங்கள் கடைமடை மதகுக்கு
இருபதாம் தேதி காலை ஆறு மணி.
அதற்கு முன் வர வழியே இல்லை.

ஆற்றுக்குள் ஆடுகள் படுத்திருந்தன.
பதினெட்டாம் தேதி அவற்றை ஓட்டிவிட்டு
பெண்கள் இறங்கினார்கள்,
காப்பரிசியும் காதோலை கருகமணியுமாக.
லஸ்கர் தைரியநாதன் விடியுமுன்னே
அடிபம்பிலிருந்து முப்பது குடம் சுமந்து
மணலில் தோண்டிய பள்ளத்தில் ஊற்றியிருந்தார்.
கழுத்தில் ஜெபமாலை, தோளில் சும்மாடு.
"மணல் குடிச்சிரும் மேடம்,
இன்னும் பத்துக் குடம் கூடுதலா ஊத்தணும்."

நான் பாலத்தின் மேல் நின்றேன்,
கழுத்தில் அடையாள அட்டையோடு.
மனதில் ஒரு சிரிப்பு இருந்தது, நல்ல சிரிப்பு இல்லை.
நாகூரம்மா நிமிர்ந்து கேட்டாள்:
"தண்ணி எப்ப வரும்?"
"இருபது. காலைல ஆறு."
அவள் சந்தேகப்படவில்லை.
விதைநெல் ஊறப்போடும் நாளை
விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.
பிறகு குனிந்து
இல்லாத ஆற்றுக்குக் குங்குமம் வைத்தாள்.

"அப்ப இன்னைக்கு எதுக்கு?"
கேட்டே விட்டேன்.
"இது நாங்க கூப்பிடற தேதி.
அது அவ வர்ற தேதி."
கை நிறையக் காப்பரிசியை நீட்டினாள்.
பல்லில் வெல்லம் கடிபட்டது.

சண்டையே இல்லை என்று எழுத மாட்டேன்.
இதற்கு முன் இருந்த ஊரில்
மணல் லாரிகளைப் பற்றிப் பேசப் போனேன்.
கோயில் கமிட்டித் தலைவர்,
லாரியில் இரண்டு அவருடையது,
"அள்ள அள்ளக் கொடுப்பா காவேரித்தாய்" என்றார்.
குறுக்குவெட்டு வரைபடத்தை விரித்தேன்.
ஐந்து வருஷத்தில் படுகை ஓராள் உயரம் இறங்கியிருந்தது.
அவர் படத்தைப் பார்த்தார், என் படத்தை இல்லை,
சுவரில் மாலை போட்டிருந்ததை. கும்பிட்டார்.
பாதிப்பில்லை என்று அதே படுகைக்குச் சான்று எழுதியவர்
என்னைப்போல ஹைட்ராலிக்ஸ் படித்தவர்.
அவர் எதையும் கும்பிடுகிறவர் இல்லை.

பத்தொன்பது, காலை ஆறு மணி அளவு.
மதகுச் சுவரின் எனாமல் பட்டையில்
யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள்,
நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்
எண்களை மறைத்தபடி.
அளவுகோலை மறைக்கக் கூடாது. விதி.
பையில் பிளேடும் இருந்தது.
நான் முடிச்சைத் தளர்த்தி
மேலே நகர்த்தினேன்,
பெருவெள்ளக் கோட்டையும் தாண்டி,
எண்கள் முடிந்து வெறும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கு.
பதிவேட்டில் 0.00 என்று எழுதினேன்.

இருபது. ஆறு மணிக்கு வரவில்லை.
ஏழுக்கு இல்லை. பத்துக்கும் இல்லை.
நாகூரம்மா வரப்பில் நின்று என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.
பொழுது சாய்ந்து, நிலாவும் ஏறி,
இரவு பதினொன்றுக்கு ஒரு சரசரப்பு,
சருகுப் பாம்பு நகர்வதுபோல.
தைரியநாதன் டார்ச் அடித்தார்.
முதலில் நுரை. பிறகு ஒற்றைச் செருப்பு.
அதன் பின்னால்
திருவையாற்றிலோ வேறெந்தப் படித்துறையிலோ
யார் யாரோ விட்ட சாமந்தி, அணைந்த மாவிளக்கு,
ஊறிப்போன கருகமணி.
இருபதாம் தேதித் தண்ணீர்
பதினெட்டைத் தலையில் சுமந்து
என் மதகுக்குள் நுழைந்தது.

தைரியநாதன் சிலுவை போட்டுக்கொண்டு
ஷட்டரின் சக்கரத்தைப் பிடித்தார்.
நான் டார்ச்சை அளவுகோல் பக்கம் திருப்பினேன்.
ஐந்து சென்டிமீட்டர்.
பதினேழு மணி நேரம் பிழை, என் பிழை.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
மணல் குடிக்கும்.
பத்துக் குடம் கூடுதல்.