தொகை

ஞாயிறு, ஐந்தரை.
வெய்யில் கடலைவிட்டு எழும்பி
எங்கள் உப்புவெளி ஒழுங்கைக்குள் வர
இன்னும் நேரம் கிடக்கு.
அதற்குள் முடிக்கவேணும்.
சூடேறின தகரத்தில் நுரை காய்ந்தால்
தேமல் மாதிரிப் படிந்துவிடும்.

நான் கார் பழக்குகிறவள்.
போன கிழமை மட்டும் ஐந்து பேர்
நிலாவெளி வீதியில் இதன் கிளச்சை அழவைத்தார்கள்.

கருநீலப் பொனற்றில் தூசு.
தூசில் ஒரு விரல் எழுதியிருக்கு:

83,400

கீழே அழுத்தமாய் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, வெள்ளிக்கு முன்.

லீசிங் கொம்பனி சஞ்சீபன்.
நேற்று நான் இல்லாத நேரம் வந்திருக்கிறார்.
கடதாசி கொண்டுவரவில்லையாக்கும்.
இல்லை, ஒழுங்கை முழுக்க வாசிக்கட்டும் என்றாக்கும்.
வடிவான கையெழுத்து.
எட்டின் இரண்டு வயிறும் ஒரே அளவு.

முதலில் கை வைக்கக்கூடாது.
தண்ணீர், வெறும் தண்ணீர்,
கூரையிலிருந்து கீழே.
கடற்கரை மணல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி;
துணியால் தொட்டால் கொத்தத் தொடங்கும்.
தானாக வழுகி விழும்வரை ஊற்றினேன்.
நான்கு முதலில் கரைந்தது.
பிறகு சைபர்கள்.
எட்டு கொஞ்சம் மல்லுக்கட்டியது.

இரண்டு வாளி.
நீலத்தில் கார் ஷாம்பூ, சிவப்பில் அலச.
மென்கையுறையை நீலத்தில் தோய்த்து
ஒரு கதவளவு துடைத்து
சிவப்பில் உதறிப் பிழிந்து
அதற்குப் பிறகுதான் திரும்ப நீலம்.
"பாத்திரம் கழுவுறதை ஊத்துங்கோவன்"
மதிலுக்கு மேலால் ரிஹானா.
அது சட்டிக்கு நல்லது, ரிஹானா,
எண்ணெயோடு மெழுகையும் தின்றுவிடும்.
"என்ன, காருக்குச் சாமத்திய வீடோ?"
சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வட்டம் போட்டுத் துடைத்தால்
வெய்யிலில் சிலந்திவலை தெரியும்.
நேர்கோடு, நேர்கோடு.
இதைத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களுக்கும்
நாள் முழுக்கக் கத்துகிறேன்.

இடது கதவில் ஒரு நீளக் கீறல்.
கோட்டை வாசலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்த அன்று
மான் ஒன்று கொம்பு தினவெடுத்துத் தேய்த்தது.
மானிடம் என்ன தொகையைக் கேட்பது.

துவாய் கைநழுவி மண்ணில் விழுந்தது.
உதறினால் போதும் என்று தோன்றும்.
போதாது.
விழுந்ததை ரயருக்கு ஒதுக்கிவிட்டு
வேறொன்று எடுத்தேன்.

எங்கள் கிணறு உவர்.
அதைக் கடைசித் தண்ணீராக விட்டால்
காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம்.
இரவு ஒரு மணிக்குப் பைப்பில் வந்ததை
மூன்று கலனில் பிடித்து வைத்திருந்தேன்.
ஊற்றினேன்.
ஒற்றி எடுத்தேன், தேய்க்காமல்,
காய்ச்சல்காரரின் நெற்றியை ஒற்றுவது போல.

ரயர் கடைசியில், தனி வாளியில்.

அப்போதுதான் வெய்யில் ஒழுங்கைக்குள் திரும்பியது.
சரிந்த வெளிச்சத்தில், பொனற்றில்,
மயிரைவிட மெல்லிதாக

83,400

தூசில் எழுதியவர் விரலை அழுத்தியிருக்கிறார்.
விரலுக்கடியில் மணல்.
மணலுக்கடியில் என் பெயின்ற்.
இவ்வளவு பக்குவமாகக் கழுவினேன்,
கழுவுவதற்கு முந்தியே கீறி முடிந்துவிட்டது.
ஒரு அடி விலகி நின்றால் இல்லை.
திரும்ப வந்தால் இருக்கு.
கோடுகூட.

ஏழு மணிக்குத் தர்மினி வந்தாள்.
இருக்கையை இழுத்தாள், கண்ணாடி திருப்பினாள்,
"அக்கா, புதுக் கார் மாதிரிக் கிடக்கு" என்றாள்.
கடற்கரைப் பக்கம் திரும்பச் சொன்னது என் பிழை.
சூரியன் முகத்துக்கு நேரே.
"பொனற்றில என்னக்கா, தலைகீழா ஒரு இலக்கம்?"

ரோட்டைப் பாருங்கோ பிள்ளை.
இரண்டாம் கியர்.

ஒரு பாடத்துக்கு ஆயிரத்தைந்நூறு.
ஐம்பத்தாறு பாடம்.
வெள்ளிக்கு ஐந்து நாள்.
கிளச்சை மெல்ல விடுங்கோ,
மெல்ல.